பாத்திர லாரியும் பிரேக் கிளாட்வினும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் கிளாட்வினின் பட்டறை இருக்கிறது. பலகையில் 'கிளாட்வின் பிரேக்' என்று மட்டும் எழுதியிருக்கும். பட்டறை திறந்த காலத்தில் பிரேக், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றையும் பார்ப்பதாகத்தான் அவருக்கு எண்ணம். பலகை எழுத வந்த பெயின்டர் ஒரு கொடை வள்ளல். எட்டத்திலிருந்து பார்த்தாலும் தெரியட்டும் என்று ஆளுயரத்துக்கு எழுத்தைப் போட்டுக்கொண்டே போனார். 'பிரேக்' எழுதி முடித்தபோது பலகையும் முடிந்துவிட்டது. இன்னொரு பலகை அடிக்கலாம் என்று கிளாட்வின் நினைத்துக்கொண்டிருக்கையிலேயே, பலகையைப் பார்த்து பிரேக் கோளாறு வண்டிகள் மட்டும் வர ஆரம்பித்தன. வந்த வேலையைச் செய்தார். இருபது வருடம் ஓடிவிட்டது. இன்றைக்குச் செட்டியார்பட்டியில் ஒரு டெம்போ நிற்காமல் ஓடினாலும், சோழபுரத்தில் ஒரு டிராக்டர் ஓடாமல் நின்றாலும், "கிளாட்வின்ட்ட கொண்டு போ" என்றுதான் சொல்கிறார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் டிரைவரை உட்கார வைத்து, கேள்வி கேட்டே களைப்படைய வைத்துவிடுவார். எப்போதிருந்து இப்படி? காலையிலா, மத்தியானமா? லோடு ஏற்றியிருந்தால் அதிகமா, காலி வண்டியில் அதிகமா? மழை பெய்தால் என்ன செய்கிறது? இது பட்டறையில் கற்ற வித்தை இல்லை. இருபத்தாறு வயதில் வயிற்றுவலியோடு ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் சுருண்டு கிடந்தபோது, செலினா என்ற நர்ஸ் நோட்டும் பேனாவுமாக வந்து அவரிடம் கேட்டது. வலி எங்கே ஆரம்பித்தது, நின்றால் கூடுகிறதா, படுத்தால் கூடுகிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் "ராத்திரி எத்தன புரோட்டா சாப்பிட்டிய?" என்று கேட்டார். "பதினொண்ணு" என்றார் கிளாட்வின். செலினா பேனாவை மூடினார். ஆளைத் தொடாமலே கோளாறைக் கண்டுபிடித்த அந்த அழகில் கிளாட்வின் மயங்கிப்போனார். அடுத்த வருடமே கல்யாணம்.

இத்தனை கேள்வி கேட்கிற மனிதர், போன ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார். அதில் அரை நாள் போயிற்று.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஒரு மினி லாரி பட்டறைக்குள் நுழைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற சோணைமுத்துவின் லாரி அது. பின்னால் அண்டாவும் குண்டாவும் அவற்றின் மூடிகளும் தாம்பாளமும் கோபுரமாக அடுக்கியிருந்தன. ஓட்டி வந்தவன் வேல்சாமி, முப்பது வயது இருக்கும். இறங்கும்போதே புலம்பிக்கொண்டு இறங்கினான்.

"அண்ணாச்சி, இந்த வண்டிக்கு பேய் புடிச்சிருக்கு. பிரேக்க மிதிச்சா இடது பக்கம் இழுத்துட்டுப் போகுது."

"எப்ப இருந்து?"

"ஒரு மாசமா. மொதல்ல லேசா இழுத்துச்சு. இப்ப கையப் புடிச்சு கூட்டிட்டுப் போற மாதிரி போகுது. போன வாரம் வில்லிபுத்தூர்ல ஒரு நாய் குறுக்க வந்துச்சு. மிதிச்சேன். வண்டி நேரா ஒரு கரும்புச்சாறு கடைக்குள்ள மூஞ்சிய நீட்டி நின்னுருச்சு. மெஷினுக்கும் பம்பருக்கும் ஒரு சாண்தான். நான் ஸ்டேரிங்க விடாம உக்காந்திருக்கேன், அந்தக் கடைக்காரரு நிமிர்ந்து பாத்துட்டு, 'ஐஸ் போட்டா, போடாமலா'ன்னு கேக்காரு."

"நீ என்ன சொன்ன?"

"ஐஸ் போட்டே குடிச்சேன் அண்ணாச்சி. கடைக்குள்ள வண்டிய விட்டுட்டு குடிக்காம வர முடியுமா?"

எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருக்கும் பாண்டிச்செல்வம் கிளாசைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, காதை இந்தப் பக்கம் திருப்பினார். கிளாட்வின் பட்டறையில் புது வண்டி வந்தால் அவர் கடையில் நான்கு டீ கூடுதலாகப் போகும்.

ஏற்கனவே எங்கெல்லாம் காட்டினாய் என்று கிளாட்வின் கேட்டார். மூன்று இடத்தில் காட்டியிருந்தான். முதல் இடத்தில் இடது முன்சக்கரத்தைப் பிரித்து சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் லைனரை மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்தார்கள். மூன்றாவது இடத்தில் இடது டயரை வலதுக்கும் வலது டயரை இடதுக்கும் மாற்றிப் போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எலுமிச்சம்பழமும் கட்டி அனுப்பினார்கள். வண்டி அந்த எலுமிச்சம்பழத்தோடேயே இடது பக்கம் போயிற்று.

"சாயந்தரம் அஞ்சு மணிக்கு மகாராஜபுரத்துல பாத்திரம் எறங்கணும் அண்ணாச்சி. நாளைக்கு அங்க கல்யாணம். இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கே நம்ம அண்டாதான். சோழபுரத்து கல்யாண வீட்டுல இருந்து ஏத்திட்டு நேரா இங்க வாரேன்."

கிளாட்வின் எழுந்து நின்றார். பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லப் போகிறார் என்றால் அவர் உட்கார்ந்துகொண்டு சொல்வதில்லை.

"வண்டி இடது பக்கம் இழுக்குதுன்னா இடது பக்கந்தான் கோளாறுன்னு எவம்லே சொன்னான்? ஒரு மாட்டு வண்டிய நெனச்சுக்கோ. ரெண்டு மாடும் ஓடுது. நீ நிறுத்தச் சொல்லுத. இடது மாடு நின்னுருச்சு, வலது மாடு நிக்கல. வண்டி எங்கிட்டு திரும்பும்?"

வேல்சாமி இரண்டு கையையும் மாடாக வைத்துத் திருப்பிப் பார்த்தான். "இடது பக்கம்."

"அப்ப எந்த மாட்ட அடிக்கணும்?"

"நிக்காத மாட்ட."

"நீங்க மூணு எடத்துலயும் சொன்ன பேச்சு கேட்ட மாட்டப் போட்டு அடிச்சிருக்கீய. இடது சக்கரம் ஒழுங்கா பிடிக்கு. வலது சக்கரந்தான் பிடிக்கல. அரை மணி நேரம். பாண்டிச்செல்வம், ரெண்டு டீ போடும், ஆறதுக்குள்ள முடிச்சுருவேன்."

இதைக் கேட்டு டீக்கடை பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்தே வந்துவிட்டார்கள். வலது முன்சக்கரத்தில் ஜாக்கி ஏறியது. சக்கரம் கழன்றது. அதன் பின்னாலிருந்த பிரேக் டிரம்மை இரண்டு தட்டுத் தட்டி இழுத்தார் கிளாட்வின். உள்ளே எண்ணெய் ஒழுகி லைனர் நனைந்திருக்கும், அல்லது லைனரைத் தள்ளுகிற சிலிண்டர் துருவேறி இறுகியிருக்கும் என்று அவருடைய கணக்கு. டார்ச் அடித்துப் பார்த்தார். லைனர் உலர்ந்து சுத்தமாக இருந்தது. சிலிண்டரில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. விரலால் அழுத்தினால் பிஸ்டன் வெண்ணெய்போல உள்ளே போய் வந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்காகத் துடைத்து வைத்த வீடு மாதிரி இருந்தது.

"என்ன அண்ணாச்சி, கண்டுபிடிச்சாச்சா?" என்றான் வேல்சாமி.

"பாத்துட்டு இருக்கேன்."

டீ ஆறியது. கிளாட்வின் டிரம்மைத் தேய்த்தார், லைனரைத் தேய்த்தார், தேய்க்க வேண்டாத இடத்தையும் தேய்த்தார். வேல்சாமியைப் பெடலை மிதிக்கச் சொல்லி, பிரேக் குழாயில் சிக்கின காற்றை வெளியே எடுக்கிற நட்டைத் தளர்த்தினார். பிரேக் ஆயில் வரத்தான் செய்தது. கொஞ்சம் மெதுவாக வந்த மாதிரி ஒரு சந்தேகம் தட்டியது. ஆனால் சுற்றி நின்று அத்தனை பேர் பார்க்கும்போது ஒரு மனிதனுக்குச் சந்தேகப்படக்கூட வெட்கமாக இருக்கும். சக்கரத்தை மாட்டி, தானே ஓட்டிப் பார்த்தார். நூறடி தள்ளி பிரேக்கை மிதித்தார். லாரி மரியாதையாக இடது பக்கம் போய் ஒரு வேப்பமரத்துக்கு முன்னால் நின்றது.

திரும்பி வந்தபோது பாண்டிச்செல்வம் ஆறிப்போன இரண்டு டீயையும் எடுத்துக்கொண்டு போனார். ஏதாவது கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது கிளாட்வினுக்கு.

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வேல்சாமிக்கு முதலாளியிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. பசி வேறு. கிளாட்வின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் செலினாவுக்குப் போன் போட்டார். செலினாவுக்கு அன்று பகல் டியூட்டி.

"ஒரு வண்டி என்னைய மானங்கெடுத்திட்டு இருக்கு" என்றார்.

"அழுவாதீய. டிரைவர்ட்ட எல்லாம் கேட்டாச்சா?"

"ஒண்ணு விடாம கேட்டுட்டேன்."

"கூட வந்த ஆளுட்ட?"

"கூட யாரு வந்தா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அங்க இருக்கிய. இங்க வார்டுல பாதிப் பேரு தனக்கு என்ன செய்யுதுன்னே சொல்லத் தெரியாம பேசுவாவ. பக்கத்துல உக்காந்திருக்க ஆளு சொல்லும், ராத்திரி பூரா என்ன நடந்துச்சுன்னு. வைக்கேன், டாக்டர் வாராவ."

கிளாட்வின் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். லாரியின் நிழலில், கவிழ்த்துப் போட்ட ஒரு குண்டாவின் மேல் ஒரு அம்மாள் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார். சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்க்காததால் கிளாட்வினின் கண்ணில் படவில்லை.

"அது யாரு?" என்று வேல்சாமியைக் கேட்டார்.

"மாரீஸ்வரி அக்கா. பாத்திரம் ஏத்தி எறக்கி கழுவி வைக்கிறதெல்லாம் அவியதான். எப்பயும் பின்னாடி பாத்திரத்தோடதான் வருவாவ."

கிளாட்வின் டப்பாவோடு எழுந்து போய், அவருக்கு எதிரே ஒரு டயரைப் போட்டு உட்கார்ந்தார்.

"யக்கா, பின்னால உக்காந்து வாரியள, பிரேக் அடிக்கும்போது அங்க என்ன ஆகும்?"

மாரீஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பதை நெருங்கும் வயது, மெலிந்த உடம்பு, பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெளுத்த விரல்கள்.

"என்ன ஆகும்? சாவுதான் ஆகும். அவன் பிரேக்க அடிச்சதும் அம்புட்டு மூடியும் டம்முனு வலது பக்கம் வந்து எம் மேல விழும். ரெண்டு காலையும் குடுத்து தடுப்பேன். செரி, மூடி நின்னுருச்சேன்னு எங் கால எடுத்தா, செத்த நேரத்துல எல்லாம் திரும்ப இடது பக்கம் ஓடும். பாத்திரம் பூரா நெளிசல். எங்க மொதலாளி என்னையத்தான் ஏசுதாரு. நான் பாத்திரத்த தூக்கி எறியுதேனாம். இருவது வருசமா தூக்கி எறியாதவ இந்த மாசந்தான் எறிய ஆரம்பிச்சேனா?"

கிளாட்வினின் கையிலிருந்த சோற்றுருண்டை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"மூடி வலது பக்கம் வருதுன்னா வண்டி இடது பக்கம் இழுக்கு. அது செரி. பொறவு இடது பக்கம் ஓடுதுன்னியளே, அது எப்ப?"

"அவன் பிரேக்குல இருந்து கால எடுத்த ஒடனே."

அப்படியென்றால் காலை எடுத்ததும் வண்டி வலது பக்கம் வெட்டுகிறது. இதை வேல்சாமி சொல்லவே இல்லை. கிளாட்வின் திரும்பிப் பார்த்தார்.

"அது நான் ஸ்டேரிங்க வலது பக்கம் ஒடிக்கேன்ல அண்ணாச்சி, அதனாலதான்" என்றான் வேல்சாமி. "இடது பக்கம் போற வண்டிய நேராக்க வேணாமா?"

அவன் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. மாரீஸ்வரி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒடிச்சா மெதுவாத்தான் சரியும். இது யாரோ புடிச்சுத் தள்ளுன மாதிரி போகும். பின்னால வந்து உக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

கிளாட்வின் பாதிச் சாப்பாட்டை மூடி வைத்தார். "வாங்க யக்கா, பாத்துருவோம்."

அருகிலேயே ஓடாமல் கிடக்கிற ஒரு நூல் மில்லுக்குப் பின்னால் பெரிய பொட்டல் உண்டு. லாரியை அங்கே கொண்டுபோனார்கள். கிளாட்வின் வேல்சாமியிடம் சொன்னார்: "முப்பதுல போ. நான் கைதட்டுனதும் மிதி. ஸ்டேரிங்க லேசா தொட்டுக்கிட்டு இரு, ஒடிக்காத. பொறவு வண்டி நிக்கதுக்கு முன்னாலயே கால முழுசா எடுத்துரு."

"வண்டி எங்கிட்டாவது போயிரும் அண்ணாச்சி."

"போகட்டும். எங்க போகுதுன்னு பாக்கத்தான வந்திருக்கோம்."

பிறகு பின்னால் ஏறினார். உட்கார இடமில்லை. மாரீஸ்வரி தன் வழக்கமான மூலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டி மூடி அடுக்கின் மேல் உதைத்தபடி தயாராக இருந்தார். மிச்சமிருந்தது ஒரு சாம்பார் அண்டா. கிளாட்வின் அதற்குள் இறங்கி உட்கார்ந்தார். தலையும் இரண்டு கையும் மட்டும் வெளியே தெரிந்தன. பொட்டலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஆடுகளை மறந்துவிட்டு இதைப் பார்த்தார்.

லாரி வேகமெடுத்தது. கிளாட்வின் கைதட்டினார்.

வேல்சாமி மிதித்தான். லாரி இடது பக்கம் வெட்டியது. மூடிகள் அத்தனையும் வலது பக்கம் பாய்ந்தன. மாரீஸ்வரி காலால் தடுத்தார். தப்பி வந்த ஒரு பெரிய மூடி அண்டாவின் விளிம்பில் மோதி, கோயில் மணிபோல அதிர்ந்தது. கிளாட்வினுக்குக் காதடைத்தது.

"இப்ப பாருங்க, இப்ப பாருங்க" என்று கத்தினார் மாரீஸ்வரி.

வேல்சாமி காலை எடுத்தான். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு, ஸ்டேரிங்கை யாரும் ஒடிக்காமலே, லாரி வலது பக்கம் திரும்பியது. மூடிகளும் தாம்பாளங்களும் ஒன்றுகூடி இடது பக்கம் ஓடின. அண்டாவும் கிளாட்வினும் அவற்றோடு சேர்ந்து ஓடினார்கள்.

"தம்பி, அடி பட்டுருச்சா?" என்றார் மாரீஸ்வரி.

அண்டாவுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "இன்னொரு தடவ அடிக்கச் சொல்லுங்க யக்கா!"

மூன்று தடவை அடித்துப் பார்த்தார்கள். மூன்று தடவையும் அதேதான். கிளாட்வின் அண்டாவிலிருந்து எழுந்து வந்து, நேராக முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் கை வைத்தார். இடது பக்கம் கை பொறுக்கிற சூடு. வலது பக்கம் கையை வைத்ததும் உதறிக்கொண்டு எடுத்தார். வண்டி வந்ததும் முதலில் செய்திருக்க வேண்டிய காரியம் அது. மாட்டு வண்டிக் கதை சொல்கிற மும்முரத்தில் செய்யாமல் விட்டிருந்தார்; டிரம்மைக் கழற்றும்போது சூடு ஆறிப்போயிருந்தது.

"பிடிக்காத சக்கரம் எப்படி அண்ணாச்சி சூடாகும்?" என்றான் வேல்சாமி.

"அதாம்லே விசயம். அது பிடிக்காம இல்ல. லேட்டா பிடிக்கு, லேட்டா விடுது."

பட்டறைக்கு வந்து வலது சக்கரத்தை மறுபடியும் ஜாக்கியில் தூக்கினார். வேல்சாமி பிரேக்கை மிதித்து, காலை எடுத்தான். கிளாட்வின் மாரீஸ்வரியைக் கூப்பிட்டு, "சக்கரத்த சுத்துங்க யக்கா" என்றார். மாரீஸ்வரி இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. பாண்டிச்செல்வம் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். அவர் ஒன்பது என்றபோது சக்கரம் மெல்ல நெகிழ்ந்தது. பன்னிரண்டில் தானாகச் சுற்றியது.

சக்கரத்துக்கு வரும் இரும்புக் குழாய்க்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு முழத்துக்குக் குறைவாக ஒரு ரப்பர் ஓஸ் இருக்கும். பிரேக் ஆயில் அதன் வழியாகத்தான் போய் வர வேண்டும். கிளாட்வின் அதைக் கழற்றினார். வெளியே பார்க்கப் புதிது மாதிரி கறுப்பாக, வெடிப்பில்லாமல் இருந்தது. மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டார். பாதியில் நின்றது. கத்தியால் நீளவாக்கில் பிளந்தார். உள்சுவர் வீங்கி, உரிந்து, தொண்டை கட்டின மாதிரி அடைத்திருந்தது. ஊசி நுழைகிற அளவுக்குத்தான் வழி.

"பாத்தியா? நீ மிதிக்கும்போது ஆயில் இதுக்குள்ள முக்கி முனங்கித்தான் போகுது. அதுக்குள்ள இடது சக்கரம் பிடிச்சுருது, வண்டி இடது பக்கம் போகுது. கால எடுத்தா இடது சக்கரம் ஒடனே விட்டுருது. இங்க உள்ள போன ஆயில் திரும்பி வர வழியில்லாம நிக்கு. வலது சக்கரம் மட்டும் பிடிச்சுக்கிட்டே இருக்கு. வண்டி வலது பக்கம் வெட்டுது. சக்கரத்துல ஒரு கொறையும் இல்ல. சக்கரத்துக்குப் போற பாதையிலதான் கோளாறு."

வேல்சாமி பிளந்த ஓஸைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இந்தக் கண்ராவிக்கா நான் எலுமிச்சம்பழத்தோட அலைஞ்சேன்!"

இரண்டு பக்கத்துக்கும் புது ஓஸ் வாங்கி வந்து மாட்டினார்கள். இடது பக்கத்து ஓஸும் அதே வயதுதான்; அதையும் நம்ப முடியாது என்றார் கிளாட்வின். பழைய ஆயிலைக் கழித்துப் புது ஆயில் ஊற்றி, காற்றெடுத்து முடிக்கும்போது மணி மூன்று. மறுபடியும் பொட்டலுக்குப் போனார்கள். இந்தத் தடவை கிளாட்வின் ஓட்டினார், மாரீஸ்வரி பின்னால் இருந்தார். மிதித்தார். லாரி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. காலை எடுத்தார். நேராகவே உருண்டது.

"என்ன சொல்லுது யக்கா?" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல தம்பி. மூடியெல்லாம் வச்ச எடத்துல உக்காந்திருக்கு."

இத்தோடு வேலை முடிந்தது என்று கிளாட்வின் விட்டிருக்கலாம். ஆனால் நெளிந்த பாத்திரங்களைப் பற்றி மாரீஸ்வரி சொன்னது மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. வேல்சாமியின் போனை வாங்கி சோணைமுத்துவிடம் அவரே பேசினார். ஒரு மாதமாக ஒவ்வொரு பிரேக்குக்கும் பாத்திரங்கள் இரண்டு பக்கமும் ஓடி மோதியதை விளக்கமாகச் சொன்னார். சோணைமுத்து நம்பத் தயங்கினார்.

"ஒரு ஓசுனால என் அண்டா நெளியுமா?"

"நான் உங்க அண்டாக்குள்ள உக்காந்து பாத்துட்டுத்தான் சொல்லுதேன். அந்தம்மா மட்டும் கால வச்சுத் தடுக்கலன்னா நீங்க புதுசா வாங்கித்தான் ஆகணும். இந்த வண்டியோட கோளாற கண்டுபிடிச்சதே அவியதான்."

சோணைமுத்து போனை மாரீஸ்வரியிடம் கொடுக்கச் சொன்னார். மாரீஸ்வரி காதில் வைத்துக்கொண்டு "ம்" என்றார், "செரி" என்றார், மறுபடியும் "ம்" என்றார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இனிமே முன்னாடி சீட்டுல உக்காந்து வரச் சொல்லுதாரு" என்றார். சொல்லிவிட்டு, முன் சீட்டில் கிடந்த வேல்சாமியின் துண்டையும் சட்டையையும் எடுத்துப் பின்னால் போட்டார்.

லாரி போனபிறகுதான் கிளாட்வின் மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். பாண்டிச்செல்வம் சூடாக ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அரை மணி நேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தேகாலுக்கு வேல்சாமியின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது மாரீஸ்வரி. பின்னால் மேளச் சத்தமும் யாரோ கரண்டி கேட்டுக் கத்துகிற சத்தமும் கலந்து கேட்டன.

"தம்பி, நல்லபடியா வந்து சேந்துட்டோம். வண்டி அங்கிட்டும் போகல, இங்கிட்டும் போகல."

"சந்தோசம் யக்கா."

"ஆனா ஒண்ணு. வத்திராயிருப்புட்ட ஒரு மாடு குறுக்க வந்துச்சு. வேல்சாமி ஒரே மிதி. அம்புட்டுப் பாத்திரமும் நேரா முன்னாடி வந்து எந் தலைக்குப் பின்னால கேபின்ல மோதிருச்சு. அதுக்கு எந்த ஓச மாத்தணும்?"

"அதுக்கு ஓசு இல்ல யக்கா" என்றார் கிளாட்வின். "கயிறுதான். நல்லா இறுக்கிக் கட்டுங்க."